கணிப்பொறி நின்றால் காரியமும் நிற்க வேண்டுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

2025ஆம் ஆண்டு அக்டோபர் 20. தீபாவளித் திருநாள். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பலகாரம் உண்டு, பட்டாசுப் புகையில் ஊரே மகிழ்ந்திருந்த நாள். அன்று நண்பகல் வேளையில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள அமேசான் நிறுவனத்தின் கணிப்பொறி நிலையங்களில் ஒரு கோளாறு. பெயரைச் சொன்னால் முகவரியைக் காட்டும் ஏடு ஒன்று கணிப்பொறி உலகில் உண்டு. அந்த ஏட்டைத் தாமாகவே திருத்தும் நிரல்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டதில், முக்கியமான ஒரு பெயருக்கு நேரே முகவரியே இல்லாமல் வெறுமையாகிவிட்டது. அவ்வளவுதான்! அந்நிறுவனத்தின் கடையே தடுமாறியது. அதன் கணிப்பொறிகளை வாடகைக்கு எடுத்திருந்த வங்கிகள், விளையாட்டுகள், செய்தி அனுப்பும் செயலிகள் என்று உலகெங்கும் பல நிறுவனங்கள் தடுமாறின. எல்லாம் சீராக ஏறத்தாழ 15 மணி நேரம் ஆயிற்று.

நம்மில் பலர் அதை அறிந்திருக்கவே மாட்டோம். அறிந்தவர்களும் "பாவம், யாரோ பொருள் வாங்க முடியவில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த வாணத்துக்குத் திரி கிள்ளப் போயிருப்பார்கள். எனக்கு மட்டும் ஒரே ஒரு கேள்வி நெஞ்சில் தைத்தது. அந்த 15 மணி நேரத்துக்குள் யாருக்கேனும் ஏதேனும் ஒன்றுக்குக் கடைசித் தேதி இருந்திருக்குமே, அவர் கதி என்ன? இப்படி நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இயந்திரம் என்றால் நிற்கத்தான் செய்யும். அதில் குற்றம் காண்பவன் அறிவியல் மாணவனாக இருக்க முடியாது. கணிப்பொறி வலைப்பின்னல் என்பது பிறந்ததே ஒரு தடங்கலோடுதான்! 1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் இரவு, லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு சொல்லை அனுப்ப முயன்றார்கள். உள்ளே நுழைவதற்கான 'லாகின்' என்ற சொல்; ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. 'எல்' போயிற்று. 'ஓ' போயிற்று. 'ஜி' என்ற எழுத்தைத் தட்டியதும் அந்தப் பக்கத்துக் கணிப்பொறி படுத்துவிட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துத்தான் முழுச் சொல்லும் போய்ச் சேர்ந்தது.

இந்தக் கதையை வகுப்பில் கேட்டபோது எல்லோரும் சிரித்தோம். ஆனால் அதில் எல்லோரும் கவனிக்கத் தவறுகிற செய்தி ஒன்று உண்டு. எழுத்து போயிற்றா இல்லையா என்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? இருபுறமும் தொலைபேசியில் பேசிக்கொண்டே தட்டினார்கள். "எல் வந்ததா?" "வந்தது." "ஓ வந்ததா?" "வந்தது." அதாவது, புதிய பாதையைத் திறந்த அன்றே பழைய பாதையையும் கையில் பிடித்திருந்தார்கள். அந்தத் தொலைபேசிதான் என் கட்டுரையின் பொருள்.

நம் நாட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. 1986இல் மின்னணுத் துறையும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து 'எர்நெட்' என்னும் கல்வி, ஆராய்ச்சி வலைப்பின்னலை ஏற்படுத்தின. சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் அதில் இருந்தன. சாதாரணத் தொலைபேசி வழியே இணைப்பு. அக்காலத்துத் தொலைபேசியின் இலட்சணத்தைப் பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்! இணைப்பு கிடைக்காது, கிடைத்தாலும் அறுந்துபோகும். ஆகவே கடிதம் முதலில் அனுப்புகிறவரின் கணிப்பொறியிலேயே தங்கியிருக்கும். இணைப்பு கிடைத்தபோது அடுத்த ஊருக்குப் போகும். அங்கும் தங்கி, பிறகு அதற்கடுத்த ஊருக்குப் போகும். நடுவில் கம்பி அறுந்தாலும் கடிதம் அழியாது, காத்திருக்கும். "நீ தாமதமாக வந்தாய், போ" என்று அதை யாரும் விரட்டியதில்லை.

பொது மக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15இல். மூன்றே ஆண்டுகளில் நம் புதுவை மண்ணில் நடந்த ஒரு காரியத்தை நம் கல்லூரியில் எத்தனை பேர் அறிவோம்? 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரைத் தலைமையிடமாகக் கொண்டு 'தகவல் கிராமத் திட்டம்' ஒன்றைத் தொடங்கியது. கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் சிறு மையங்கள். எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே மையம். கீழூர் என்றதும் 1954இல் பிரெஞ்சு ஆட்சி வேண்டுமா, இந்தியா வேண்டுமா என்று வாக்கெடுத்த இடம் என்று மட்டும் படித்திருக்கிறோம். கணிப்பொறியும் அங்கே முந்தி வந்ததைப் படித்ததில்லை. தொடக்கத்தில் அந்த மையங்களைத் 'தகவல் கடை' என்றே குறிப்பிட்டார்களாம். பொருத்தமான பெயர்! நெல் விலை, உரம், மருத்துவமனை, அரசுச் சலுகை என்று சரக்கு எல்லாம் செய்திதான்.

ஊருக்கு ஊர் தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாது என்பதால் கம்பியில்லா வானொலிக் கருவிகளைக் கொண்டு இணைத்தார்கள். கரண்ட் அடிக்கடி நிற்கும் என்பதால் சூரிய ஒளித் தகடு வைத்தார்கள். எல்லோருக்கும் திரையில் படிக்க வராது என்பதால் 'நம்ம ஊரு செய்தி' என்று ஒரு தாளும் அச்சிட்டார்கள். 2001இல் இத்திட்டத்துக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது.

வீராம்பட்டினம் என் ஊர். என் தந்தையார் கடலுக்குப் போகிறவர். அமெரிக்கக் கடற்படை தன் வலைத்தளத்தில் வெளியிடும் அலை உயரக் கணிப்பை வில்லியனூரில் எடுத்து, எங்கள் ஊருக்கு அனுப்ப, அதைக் கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்வார்கள். "மைக்குல அலை எத்தனை அடின்னு சொல்லுவாங்க. அதைக் கேட்டுட்டுத்தான் வலையை எடுக்கிறதா வேணாமான்னு முடிவு பண்ணுவோம்" என்று அப்பா சொல்கிறார். அவருக்குக் கணிப்பொறியைத் தொடத் தெரியாது. ஆனால் நான் பிறப்பதற்கு முன்பே இணையத்தைப் பயன்படுத்தியவர் அவர்! ஒரு காலத்தில் யவனர் கப்பலோடு வாணிபம் செய்த அரிக்கமேடு எங்களூருக்கு அருகில்தான் இருக்கிறது; தூரதேசத்துச் செய்தி எங்களுக்குப் புதிதல்ல என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம்.

அந்த ஒலிபெருக்கியின் அருமை 2004 டிசம்பர் 26இல் தெரிந்தது. நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் வேலையிலிருந்தார். சுனாமிச் செய்தியைக் கண்டு தம் வீட்டுக்குத் தொலைபேசி செய்தார். செய்தி வீட்டோடு நிற்கவில்லை. மையத்தின் பூட்டை உடைத்து, ஒலிபெருக்கியில் ஊருக்கே சொன்னார்கள். 3,000க்கும் மேற்பட்ட மக்கள் ஓடித் தப்பினார்கள். வீடுகளும் படகுகளும் போயின. அன்று அந்த மையத்தில் வேலை செய்தது கணிப்பொறி அல்ல, அதன் பக்கத்தில் வைத்திருந்த மைக்.

இப்போது இன்றைய கடைகளுக்கு வருவோம். 2014 அக்டோபர் 6 அன்று ஃபிளிப்கார்ட் நிறுவனம் மாபெரும் தள்ளுபடி விற்பனை நடத்தியது. ஏறக்குறைய 5,000 சர்வர்கள், வழக்கத்தைவிட 20 மடங்கு கூட்டத்துக்கு ஏற்பாடு. அதையும் மீறிக் கூட்டம் வந்தது. தளம் திணறியது. பலர் பொருளைத் தேர்ந்தெடுத்தும் வாங்க முடியவில்லை. மறுநாள் அதன் நிறுவனர்கள் இருவரும் வாடிக்கையாளர்களிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். பாராட்ட வேண்டியதுதான். கடைக்காரன் மன்னிப்புக் கேட்டுவிடலாம், வாடிக்கையாளரும் மறந்துவிடலாம். சேலையோ, கைப்பேசியோ நாளைக்குக் கிடைக்கும். காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இன்னும் மலிவாகவே கிடைக்கும்!

ஆனால் கடையைப் போலவே அமைந்து, கடைக்குள்ள பொறுப்பு மட்டும் இல்லாதவை சில உண்டு. விண்ணப்பங்கள் வாங்கும் தளங்களைச் சொல்கிறேன்.

முதலாமாண்டில் ஓர் உதவித்தொகைக்கு நான் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எந்த அலுவலகம் என்று பெயர் சொல்லப் போவதில்லை. பெயரால் ஆகப் போவதும் ஒன்றுமில்லை. கடைசி நாள் வரை ஏன் காத்திருந்தாய் என்று கேட்பீர்கள். வருமானச் சான்றிதழ் கைக்கு வந்ததே முந்தின நாள் மாலைதான். அப்பா அன்று கடலுக்குப் போகாமல் என்னுடன் அரியாங்குப்பத்திலுள்ள பிரௌசிங் சென்டருக்கு வந்தார். பிற்பகல் இரண்டு மணிக்கு உட்கார்ந்தோம். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. இடையில் ஒருமுறை பெயரும் முகவரியும் வாங்கிக்கொண்டு மறுபடி முதற்பக்கத்துக்கே தள்ளியது. கடைக்காரர் நல்ல மனிதர். இரவு பன்னிரண்டு வரை கடையைத் திறந்து வைத்திருந்தார், காசும் வாங்கவில்லை. பன்னிரண்டு அடித்ததும் தளம் அழகாகத் திறந்தது. "காலம் முடிந்துவிட்டது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

மறுநாள் அலுவலகம் போனோம். அங்கிருந்தவர் கடுமையாகப் பேசவில்லை. "தம்பி, கம்ப்யூட்டரே மூடிடுச்சு. நான் என்னப்பா பண்றது?" என்றார். வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது அப்பா கேட்டார்: "நேத்தெல்லாம் கதவைத் திறக்காதது அவங்க. அப்புறம் நாம லேட்டுன்னு எப்படிடா சொல்றாங்க?"

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதுவும் கணிப்பொறி படிக்கிறவன். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பதில் கிடைத்தது எங்கள் அம்மாவின் பெட்டிக்கடையில். அம்மாவும் கைப்பேசியில் பணம் வாங்குபவர்தான். அட்டை மாட்டி வைத்திருக்கிறார். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதே, அப்போது கரண்ட் இல்லை, கைப்பேசியில் உயிர் இல்லை. அம்மா கடையை மூடவில்லை. மெழுகுவத்தியை ஏற்றி வைத்து, பழைய நோட்டை எடுத்து, பெயரும் தொகையும் எழுதிக்கொண்டு அரிசியும் பிஸ்கட்டும் கொடுத்தார். கரண்ட் வந்தபின் பணம் வந்தது. இரண்டொருவர் இன்னும் தரவில்லை என்பது வேறு விஷயம். அதற்கு அம்மா தினமும் திட்டுகிறார்.

அம்மாவுக்குத் தெரிந்தது அந்தத் தளத்தை அமைத்தவர்களுக்குத் தெரியாமற் போனது ஏன்? தெரியாமலில்லை என்றே நினைக்கிறேன். கடை நின்றால் அம்மாவுக்கு நஷ்டம். அதனால் நோட்டு வைத்திருக்கிறார். தளம் நின்றால் நஷ்டம் அதை நடத்துபவருக்கில்லை, வரிசையில் நின்றவனுக்கு. நஷ்டம் யாருக்கோ அவர்தான் மாற்று வழியைத் தேடுவார். நகரத்தில் வசதியுள்ள மாணவன் ஒரு மாதம் முன்பே வீட்டிலிருந்தபடி விண்ணப்பித்து முடித்துவிடுகிறான். கடைசி நாளில் மாட்டுவது சான்றிதழுக்கு அலைகிறவனும், கணிப்பொறிக்கு வாடகை கொடுக்கிறவனும்தான்.

பழைய காலத்துக்கே போகலாம் என்று நான் சொல்லவில்லை. 2002இல் இரயில் பயணச்சீட்டு இணையத்தில் வந்ததற்கு முன், முன்பதிவு செய்ய விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்றதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கஷ்டம் திரும்ப வேண்டாம். ஆனால் இரயில்வே இன்றும் நிலையத்தில் கவுண்டரை மூடிவிடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

காகிதம் வாங்க ஆரம்பித்தால் பழைய தாமதமும் கையூட்டும் திரும்பிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம். ஆனால் நான் கேட்பது தளம் நின்ற நாளுக்கு மட்டும். எந்த மணியில் நின்றது, எந்த நிமிடத்தில் எழுந்தது என்பதைச் சர்வர் தானே குறித்து வைக்கிறது. அந்தக் குறிப்பைப் பார்த்து, நின்ற நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் கடைசித் தேதியைத் தானாகவே தள்ளிவைக்க ஒரு சிறு நிரல் போதும். இரண்டாமாண்டு மாணவன்கூட எழுதுவான். யாரும் யாரிடமும் கருணை மனு கொடுக்க வேண்டியதில்லை. நின்றுவிட்டது என்பதைத் தமிழில் நான்கு வரியில் திரையில் சொல்லிவிட்டால், ஒருவன் பத்து மணி நேரம் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார மாட்டான்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு குறை சொல்ல அனுமதி வேண்டும். செய்முறை வகுப்பில் நாங்கள் எழுதும் நிரல்களில் கரண்ட் எப்போதும் இருக்கிறது, இணைப்பு எப்போதும் கிடைக்கிறது. சரியான விடை வந்தால் முழு மதிப்பெண். நடுவில் கம்பியைப் பிடுங்கிவிட்டு "இப்போது என்ன ஆகும்?" என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டுப் பாருங்கள், எங்களில் பாதிப்பேர் விழிப்போம், நான் உட்பட.

முதல்வர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியிலும் கட்டணம், தேர்வு விண்ணப்பம் எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டன. அலுவலக வாயிலில் ஒரு நீள நோட்டு வைக்க வேண்டும். தளம் திறக்காத நாளில் வந்த மாணவன் தன் பெயர், வகுப்பு, வந்த நேரம் எழுதிக் கையெழுத்திடுவான். எழுத்தர் ஒரு முத்திரை இடுவார். அந்தக் கையெழுத்தை விண்ணப்பித்ததாகவே கொள்ள வேண்டும். நோட்டு வாங்கும் செலவை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்கிறது. பேனாவைக் கட்டி வைக்க ஒரு துண்டு வலைக்கயிறு நான் வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன்.