பேயுருவும் "நான் யார்?" என்னும் வினாவும்

ஆன்ம விசாரம் என்றதும், அது துறவிகளுக்கும் வேதாந்திகளுக்கும் உரியது, நமக்குப் பக்தியே போதும் என்று ஒதுங்கிக்கொள்ளும் வழக்கம் சைவ அன்பர்களிடையே உண்டு. வேதாந்தம் பேசுவோரோ, திருமுறையும் திருவிழாவும் தொடக்கநிலையினர்க்கு உரியவை என்பர். காரைக்காலில் இருந்துகொண்டு பதினோராம் திருமுறையைப் பாடம் நடத்தும் எனக்கு இந்தப் பாகுபாடு உவப்பாயில்லை.

இக்காலத்தில் ஆன்ம விசாரத்திற்கு முகவரியாக விளங்குபவர் ரமண மகரிஷி. தென்னார்க்காடு ஆட்சியர் அலுவலகத்தில் பணிபுரிந்த சிவப்பிரகாசம் பிள்ளை, 1902-இல் திருவண்ணாமலையில் அவரைக் கண்டு கேட்ட வினாக்களும், பேசாதிருந்த அவர் எழுதிக் காட்டிய விடைகளுமே பின்னர் 'நான் யார்?' என்னும் சிறுநூலாயின. இதனை அறிந்தவர் பலர். ஆனால், மதுரையில் சித்தப்பா வீட்டிலிருந்த நாள்களில் அந்தச் சிறுவனை உலுக்கிய நூல் உபநிடதம் அன்று, பெரியபுராணம் என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. 1896 சூலையில், பதினாறு வயதில், திடீரென மரண பயம் பற்ற, அவர் பிணம்போலக் கிடந்து, இவ்வுடலைச் சுடுகாட்டில் எரித்துவிட்டால் நானும் இறந்தேனா என்று தமக்குள் வினவினார். அதற்குமுன் அவர் படித்திருந்த அடியார் வரலாறுகளுள் நம் ஊர் அம்மையார் வரலாறும் ஒன்று.

சேக்கிழார் சொல்லும் அவ்வரலாற்றை இந்த வினாவோடு சேர்த்துப் படித்தால் புதிதாகத் தோன்றும். மாங்கனி வந்த விதம் கண்டு அஞ்சிய பரமதத்தன், கடல் கடந்து வணிகம் செய்து, பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிடுகிறான். தேடிவந்த மனைவியின் காலில் குடும்பத்தோடு விழுகிறான். மனைவி என்ற நிலை போயிற்று. பெயரும் ஒரு குழந்தைக்குப் போயிற்று. கணவனுக்காகத் தாங்கிய இவ்வுடல் இனி எதற்கு என்று அதையும் உதறிப் பேயுரு வேண்டுகிறார் அம்மையார். 'நான்' என்று ஒட்டிக்கொண்டவை ஒவ்வொன்றாய்க் கழல்வதை இதைவிடத் தெளிவாக எந்த வேதாந்த நூல் காட்டும்? தம் பாடல்களில் அவர் தம்மைப் புனிதவதி என்று ஓரிடத்தும் சொல்லவில்லை. காரைக்காற்பேய் என்றே முத்திரையிடுகிறார். மூத்த திருப்பதிகங்களின் களமும் திருவாலங்காட்டுச் சுடுகாடுதான்.

இருவரும் சொல்வது ஒன்றே என்று முடித்துவிடுவதற்கில்லை. அம்மையார், ஆடுவான் அடிக்கீழ் இருந்து பார்க்கும் ஒருத்தியாக எஞ்சி நிற்கிறார். அந்தப் பார்வையை இழக்க அவருக்கு மனமில்லை. ரமணரோ பார்ப்பவன் யார் என்று கேட்டு அவனையும் கரைக்கச் சொல்கிறார். சைவ சித்தாந்திகளுக்கும் அத்வைதிகளுக்கும் உள்ள பழைய வழக்கு இது. என் சாய்வு அம்மையார் பக்கம். எனினும் உடலையும் உறவையும் பெயரையும் 'நான்' என்று கொள்ளாத துணிவு இருவர்க்கும் பொது. அதுவரையிலாவது நம்மில் எத்தனை பேர் சென்றிருக்கிறோம்?

இன்று ஆன்ம விசாரத்தை மூன்று நாள் முகாமாக்கி, 'நான் யார்' என்று கண்மூடி உருவேற்றச் செய்கிறார்கள். அது மந்திரமன்று என்று ரமணரே தெளிவுபடுத்தியிருக்கிறார். எண்ணம் எழுகையில் அது யாருக்கு எழுந்தது என்று திரும்பிப் பார்ப்பதே அவர் காட்டிய வழி. அதற்கு வீட்டைத் துறக்கவேண்டியதில்லை. இல்லறத்தான் என்னும் நினைப்பு போய்த் துறவி என்னும் நினைப்பு வந்தால் ஆவதென்ன என்பது அவர் கேள்வி.

ஆனிப் பௌர்ணமியில் பிச்சாண்டவர் வீதியுலா வர, மாடிகளிலிருந்து மாங்கனிகளை இறைக்கிறோம். மணப்பேறும் மகப்பேறும் வேண்டிப் பெண்கள் அவற்றை முந்தானையில் ஏந்துகிறார்கள். அந்த வேண்டுதலை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் கோயிலில் திருமணக் கோலத்துப் புனிதவதியைக் காட்டிப் பெண்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் நாம், மாங்கனியோடு நிறுத்திக்கொள்கிறோம். பேயுருவைக் கேட்டு வாங்கிய பெண்ணின் கதையையும் அவர்கள் காதில் போட்டுவைக்கலாம்.