மயிலையை விட்டு அகலாத மனங்கள்

'மயிலையே கயிலை, கயிலையே மயிலை' என்பது ஆன்றோர் வாக்கு. கயிலைக்குச் செல்வது எல்லோர்க்கும் இயலாது. மயிலையில் குடியிருப்பதும் இக்காலத்தில் எளிதன்று. மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில் ஒரு சிறு வீட்டுக்குத் தரும் வாடகையில், புறநகரில் காற்றோட்டமான பெரிய வீடே கிடைக்கும். ஆயினும் ஓய்வூதியத்தின் பெரும்பகுதியை வாடகைக்கே அளித்து அங்கு வாழும் முதியோர் உளர். பிள்ளைகள் அழைத்தால், "பங்குனித் திருவிழா முடியட்டும்" என்பர்; முடிந்தபின் நவராத்திரியைக் காட்டுவர்.

இது வெறும் பிடிவாதமன்று. கைத்தடி ஊன்றி நடந்தே கபாலீசுவரரையும் கற்பகாம்பாளையும் தரிசிக்கலாம். எவர் துணையையும் எதிர்பார்க்க வேண்டுவதில்லை. வெள்ளீசுவரர், முண்டகக்கண்ணியம்மன், பேயாழ்வார் அவதரித்த தலத்துக் கேசவப் பெருமாள் என, எல்லாச் சந்நிதிகளும் அருகிலேயே உள்ளன. இரண்டு நாள் காணாவிடில், "உடம்புக்கு என்ன?" என்று விசாரிக்கப் பூக்கடைக்காரர் இருக்கிறார். முதுமையில் இவற்றுக்கு விலை ஏது?

திருஞானசம்பந்தர் இத்தலத்தில்தான், அரவு தீண்டி மாண்ட பூம்பாவையின் எலும்பு நிறைந்த குடத்தின் முன் நின்று திருப்பதிகம் பாடினார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, தைப்பூசம், பங்குனி உத்திரம் என விழாக்களை வரிசையாகக் கூறி, அவற்றைக் காணாமல் போகலாமா என்று அவளை வினவினார். அவளும் உயிர்பெற்று எழுந்தாள். மாண்டவளையே திருவிழாவின் பெயரால் மீட்ட ஊர், வாழ்பவரை எளிதில் விடுமோ?

எனினும் வாடகை உயர்ந்தும், உடல் தளர்ந்தும், விட்டுச் செல்ல நேர்ந்தவர்களும் பலர். அவர்களுக்கும் மயிலையே வழி காட்டுகிறது. அறுபத்து மூவருள் ஒருவரான வாயிலார் நாயனார் இவ்வூரினர். மறவாமையால் மனத்தில் கோயில் எடுத்து, உணர்வை விளக்காக ஏற்றி, ஆனந்தத்தால் நீராட்டி, அன்பையே அமுதாகப் படைத்தவர் அவர். கோயில் அருகிலிருந்தும் அகத்தே பூசித்தார். தொலைவில் இருப்போர்க்கு அதுவே போதிய பற்றுக்கோடு.

இருக்க இயன்றவர் இருக்கட்டும். பெற்றோரை இடம் மாற்ற எண்ணும் பிள்ளைகள், புதிய வீட்டின் அறைகளை எண்ணுமுன், நடந்து செல்லும் தொலைவில் ஒரு கோயில் உண்டா என்று பார்க்கட்டும். சென்றுவிட்டவர்கள் மாலை விளக்கேற்றும் வேளையில் மேற்கு நோக்கிய அச்சந்நிதியை நினைக்கட்டும். நினைப்பவர் இருக்கும் இடம் அவருக்கு மயிலையே.