மசோதாவோடு வராத தாள்

கருவூலத்திலிருந்து பணம் போகும் மசோதா எதுவும் நிதிக் குறிப்பு இல்லாமல் மக்களவைக்கு வர முடியாது. என்ன செலவு, ஆண்டுக்கு எவ்வளவு என்று விதி கேட்கிறது. அந்த மசோதாவால் எந்த இனத்தார் எதை இழப்பார்கள் என்று கேட்க ஒரு விதியும் இல்லை.

படவேடு ஊரை ஒட்டி எழும் ஜவ்வாது மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். (பெயரை வைத்துக் கேரளத்தாரோ என்று எண்ண வேண்டாம், பேசுவது தமிழ்தான்.) 2006இன் வன உரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் 2008லேயே சென்னை உயர் நீதிமன்ற இடைக்கால ஆணையில் சிக்கிக்கொண்டது. உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை விலக்கியது 2016இல். இனியாவது பட்டா கைக்கு வரும் என்றிருந்தபோது, 2022 ஜூனில் ஒன்றிய அரசு புதிய வனப் பாதுகாப்பு விதிகளை அறிவித்தது. காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற, கிராம சபையின் ஒப்புதல் முதலில் வேண்டும் என்றது சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2009 சுற்றறிக்கை. புதிய விதிகளில் டெல்லி இறுதி அனுமதி தந்துவிடலாம் என்றாயிற்று. மக்களின் உரிமையைத் தீர்த்துவைப்பது பிறகு மாநிலத்தின் பாடு. அனுமதி வந்த பின் கேட்பதற்குப் பெயர் ஒப்புதலா?

பழங்குடியினரைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளில் தேசியப் பழங்குடியினர் ஆணையத்தைக் கலந்தாக வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 338அ(9). விதிகளை நிறுத்திவைக்கும்படி அந்த ஆணையமே 2022 செப்டம்பரில் எழுதியது. அமைச்சகம் அசையவில்லை. அடுத்த ஆகஸ்டில் வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தமும் நிறைவேறியது.

அமெரிக்காவின் அயோவா மாநிலம் 2008இல் ஒரு வழி கண்டது. தண்டனைச் சட்டத்தைத் திருத்தும் மசோதா, அது சிறுபான்மை இனங்களை எப்படிப் பாதிக்கும் என்ற அறிக்கையோடு வர வேண்டும். அறிக்கை மசோதாவைத் தடுக்காது. ஆனால் கைதூக்கிய உறுப்பினர் பின்னால் 'தெரியாமல் போயிற்று' என்று சொல்ல முடியாது. எங்களுக்கு அதுவே பெரிது.

தறிக்காரர்கள் திரண்டால் ஆரணியில் எந்தக் கட்சியும் காது கொடுக்கும். மலைக்காரர்களுக்கு அந்த எண்ணிக்கை இல்லை. சட்டமன்றத்தின் 234 இடங்களில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை ஏற்காடு, சேந்தமங்கலம் இரண்டே. இரண்டும் ஜவ்வாது மலைப் பகுதியில் இல்லை. வாக்கால் கேட்க முடியாததை விதியால்தான் கேட்க வேண்டும். நிதிக் குறிப்பைப் போல ஒரு பாதிப்புக் குறிப்பைத் தமிழ்நாடு சட்டமன்றம் தன் விதிகளில் முதலில் சேர்க்கட்டும். அது தமிழில் இருக்கட்டும். அவையில் விவாதம் தொடங்குமுன் மலையிலுள்ள ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துக் கிராம சபைகளில் வாசிக்கப்படட்டும்.