ஐந்தரை மணிப் பெட்டி

ஆண்டாப் ஹில்லில் மோனோ ரயில் ஏறினால் கடைசி நிலையம் ஜேக்கப் சர்க்கிள். அங்கிருந்து சிறிது நடந்தால் ஆர்தர் ரோடு சிறை. 2019 மார்ச்சில் இந்தத் தடம் திறக்கப்பட்டது; 2025 செப்டம்பரில் சீரமைப்புக்காக நிறுத்தப்பட்டது. ஆனால் மோனோ வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, துணிப்பையும் அடையாள அட்டையுமாக இந்தத் திசையில் போகிறவர்கள் இருந்திருக்கிறார்கள். சிறையில் இருக்கும் மகனையோ கணவனையோ பார்க்கும் 'முலாகாத்'துக்காக.

இவர்களில் பெரும்பாலோர் சிறையை முதலில் பார்த்தது சினிமாவில்தான். மும்பைத் தமிழர்களுக்கும் சினிமாவுக்கும் நெருக்கம் அதிகம். வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைத் தழுவிய 'நாயகன்' (1987) இந்தப் பகுதிகளின் கதையைத்தான் தமிழ்நாட்டுக்குச் சொன்னது. ஆனால் சிறை வாசலில் முதல் நாளே சினிமா பொய்த்துப் போகிறது.

முதலில் உடை. திரையில் கைதி என்றால் எண் பொறித்த சீருடை, தலையில் குல்லாய், கையில் சம்மட்டி. நிஜத்தில் விசாரணைக் கைதி சொந்த உடையில் இருக்கிறார். கல் உடைப்பதில்லை. அவருக்கு விதிக்கப்பட்ட வேலை என்று எதுவுமே இல்லை, காத்திருப்பதுதான் வேலை. அடுத்தது அறை. கதாநாயகனுக்குத் தனி அறையும் ஜன்னல் வழியே நிலவும் கிடைக்கும். ஆர்தர் ரோட்டில் இருப்பது 'பாரக்' எனப்படும் நீண்ட கூடம். சுமார் 800 பேருக்கான இந்தச் சிறையில், 2020 மே மாதம் கொரோனா நுழைந்தபோது 2,500-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். புரண்டு படுக்கவும் பக்கத்திலிருப்பவர் ஒத்துழைக்க வேண்டும். மாலையில் எண்ணிக்கை எடுத்துப் பூட்டிவிடுவார்கள். இரவு உணவு, வெளியே மற்றவர்கள் தேநீர் குடிக்கும் நேரத்திலேயே வந்துவிடும்.

சந்திப்புக் காட்சியில்தான் சினிமா மிகவும் தாராளம். கம்பிகளுக்கு இடையே விரல்கள் கோத்துக்கொள்ளும். பின்னணியில் வயலின் அழும். இங்கே நடுவில் கண்ணாடித் தடுப்பு, காதில் தொலைபேசி. வரிசையில் நின்றது அரைநாள் என்றால் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். அதிலும் பாதி, வழக்கு எந்தத் தேதிக்குத் தள்ளிப் போயிருக்கிறது என்பதிலேயே கரைந்துவிடும். குற்றப்பத்திரிகை மராத்தியில் இருக்கும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய்க்கு மகன் மீது என்ன குற்றச்சாட்டு என்பதை யாராவது வாய்மொழியாகச் சொன்னால்தான் உண்டு.

தமிழ் சினிமா முழுக்கவும் பொய் சொல்லவில்லை. 'மகாநதி' (1994) சிறையின் அவமானத்தைக் காட்டியது. 'விசாரணை' (2015) லாக்கப்பின் வலியைக் காட்டியது. 'சொர்க்கவாசல்' (2024) சென்னை மத்தியச் சிறையில் 1999 நவம்பரில் நடந்த கலவரத்தை எடுத்துக்கொண்டது. அடி, துரோகம், கலவரம் எல்லாம் படமாகிவிட்டன. படமாகாதது ஒன்றுதான்: எதுவும் நடக்காமை. மூன்று மணி நேரக் கதைக்கு அது உதவாது. ஆனால் இந்தியச் சிறைகளின் முக்கியமான நிகழ்ச்சியே அதுதான்.

கணக்கைப் பார்த்தால் புரியும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் 4,36,266 பேருக்குத்தான் இடம் இருந்தது. இருந்தவர்கள் 5,73,220 பேர். இவர்களில் 4,34,302 பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றவாளி என்று இன்னும் யாரும் சொல்லாதவர்களை மட்டும் வைத்தே எல்லாச் சிறைகளையும் ஏறக்குறைய நிரப்பிவிடலாம்.

சினிமாவில் நீதிபதி சுத்தியலைத் தட்டியதும் கதவு திறக்கும். நிஜத்தில் தீர்ப்புக்கும் கதவுக்கும் நடுவே ஒரு பெட்டி இருக்கிறது. ஆர்தர் ரோடு சிறை வாசலில் ஜாமீன் உத்தரவுகளைப் போடும் பெட்டி. 2021 அக்டோபர் 28 அன்று ஷாருக் கானின் மகனுக்கு உயர்நீதிமன்றம் ஜாமீன் அளித்தது. மறுநாள் மாலை ஐந்தரை மணிவாக்கில் பெட்டி கடைசியாகத் திறக்கப்பட்டபோது உத்தரவு வந்து சேரவில்லை. அவர் வெளியே வந்தது 30-ஆம் தேதி. நடிகை ஜூஹி சாவ்லா பிணை நின்றும் ஓர் இரவு கூடுதலாகப் போயிற்று. அடுத்த ஆண்டு அவர் மீது ஆதாரமில்லை என்று வழக்கிலிருந்தே விடுவிக்கப்பட்டார்.

நட்சத்திர வீட்டுப் பிள்ளைக்குப் பெட்டி செய்தது ஓர் இரவு தாமதம். ஆண்டாப் ஹில் குடிசைப் பையனுக்கு அந்தப் பெட்டி வரை உத்தரவு போவதே பெரிய காரியம். ஜாமீன் கிடைத்த பிறகு நபர் ஜாமீன் வேண்டும். அதற்குச் சம்பளச் சீட்டோ சொத்துப் பத்திரமோ உள்ள ஒருவர் கையெழுத்திட வேண்டும். ஒரு பக்கம் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு; அங்கே வீட்டுக்கு வீடு சம்பளச் சீட்டு. இன்னொரு பக்கம் தகரக் கூரைகள். அங்கே சொந்தப் பெயரில் ஒரு காகிதம் கிடைப்பதே அபூர்வம். இரண்டுக்கும் இடையே சில நிமிட நடைதான். யாரோ ஒருவருடைய மகனுக்காக அந்த நடையை நடந்து வந்து கையெழுத்திடுபவர்கள் எத்தனை பேர்?

ஊரில் நிலம் வைத்திருக்கும் மாமன் வந்து கையெழுத்திட்டால் என்ன? 1978-லேயே இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. மோதி ராம் என்ற கொத்தனாரிடம் மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார். சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதை ஏற்கவும் மறுத்தார். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடுவிக்கச் சொன்னார். ஏழைக்கு ஏழையின் அளவில் ஜாமீன், ஊரையும் மாநிலத்தையும் காட்டி மறுக்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

அதன் பிறகும் சட்டம் சும்மா இருக்கவில்லை. பிணைப் பணம் கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு உதவும் மத்திய அரசுத் திட்டம் 2023-இல் 40,000 ரூபாய் வரம்போடு வந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் அவரை விடுவிக்கச் சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. நீதிமன்றத்துக்கு மனு அனுப்ப வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது.

ஆகவே முலாகாத் வரிசையில் நிற்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வசனம் எந்தப் படத்திலும் இல்லை. 'எத்தனை நாள் உள்ளே இருந்தாச்சு, குற்றத்துக்கு அதிகபட்சம் எத்தனை வருஷம்?' என்ற கணக்குதான் அது. அந்தக் கணக்கோடு மாவட்ட சட்ட உதவி ஆணையத்தின் வாசலில் நின்றால், கட்டணமில்லாத வக்கீல் கிடைப்பார். கண்ணாடித் தடுப்பின் அந்தப் பக்கம் இருப்பவனுக்குப் பழத்தையும் துணியையும்விட அது உதவும்.

மாலை ஐந்தரைக்குள் பெட்டியில் விழ வேண்டிய காகிதத்தின் பயணம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.