டெப்புக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது

மடுப் பெருவிழா லீவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கு வந்து இறங்கி, பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. அம்மா ஒரு புது ஃபோனைக் கையில் திணித்தார். "பிள்ள, இதுக்கு வைஃபையைப் போட்டுத் தா. அண்ணா ஆளிட்ட குடுத்து விட்டவன். மூண்டு நாளா டேட்டாவிலதான் கதைக்கிறன், காசு தண்ணியா ஓடுது."

வாங்கி அமத்தினேன். எங்கட ரவுட்டரின் பெயர் வந்தது. தொட்டால் பாஸ்வேர்ட் கேட்டது. தங்கச்சியைக் கேட்டேன், தெரியாது. அப்பாவைக் கேட்டேன், "அது தன்பாட்டில வாறதுதானே" என்றார். எனக்கும் தெரியாது, ஏனென்றால் என் ஃபோனும் எப்போதோ ஒருநாள் அண்ணா வாங்கி, எதையோ தட்டித் திருப்பித் தந்தது. அதுவும் போன வருடம் கம்பஸில் தொலைந்துவிட்டது. இப்ப இருக்கிறது வேற ஃபோன்.

வீட்டில் அந்தச் சொல்லைத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: ஃபிரிட்ஜுக்கு மேல் சாத்தி வைத்திருக்கும் டெப்.

அந்த டெப்புக்கு ஒரு கதை இருக்கிறது. 2020 பங்குனியில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் பூட்டி, பிறகு எல்லாம் சூமுக்குப் போன காலத்தில், தங்கச்சிக்கென்று அண்ணா கடன்பட்டு வாங்கியது. ரவுட்டரும் அப்போது வந்ததுதான். ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டை மாற்றி, தானே ஒன்றைப் போட்டு, எல்லாவற்றையும் பொருத்திவிட்டு, 2022 கடைசியில் அண்ணா பிரான்சுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து டெப் தானாகத் தொடுபடும். கரண்ட் போய் வந்தாலும் தானாகத் தொடுபடும். இத்தனை வருடத்தில் ஒருவரும் அந்தச் சொல்லை வாயால் சொல்லவில்லை, கையால் எழுதவில்லை.

அண்ணாவுக்கு அந்த டெப்பிலேயே, அந்த வைஃபையிலேயே வட்ஸ்அப்பில் கோல் எடுத்தோம். அவர் சிரித்தார். "எங்கட போட்டிண்ட பேரும் நம்பரும்தான் போட்டனான். ஆனா எந்த எழுத்துப் பெரிசு, எங்க அந்த அட் குறி வரும் எண்டு ஞாபகமில்ல." ஏழெட்டு விதமாக அடித்துப் பார்த்தோம். சரிவரவில்லை. பிறகு அங்கே அவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் முதல் பாஸ்வேர்ட் இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். கடற்கரையில் வீடிருக்கிற ஆட்களுக்குத் தெரியும், உப்புக்காற்று எதை விட்டு வைத்தது? எங்கட ஸ்டிக்கரில் பாதி எழுத்து அழிந்து, மிச்சத்தில் பூச்சியமா ஓவன்னாவா என்று பிடிபடவில்லை.

டவுனில் ஒரு கொமியூனிகேஷனுக்குப் போனேன். சும்மா துணைக்கு, பதினாலு வயது மச்சானும் வந்தான். கேள்வி கேட்டது நான். அந்த அண்ணா பதில் சொன்னது முழுக்க மச்சானுக்கு. "தம்பி, டெப்பை ஃபுல் ரீசெட் அடிச்சிட்டு, ரவுட்டரையும் ரீசெட் அடிச்சால் சரி. டெப்புக்கு ஆயிரத்தைந்நூறு." நான் என்ன படிக்கிறேன் என்று இடையில் கேட்டார். ஆர்ட்ஸ் என்றேன். "அதுதானே" என்றார். எது அதுதானே?

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது, இந்தக் கட்டுரையும் அந்தக் கோபத்தில்தான் தொடங்கியது. டெப்பை முழுதாக ரீசெட் செய்தால் அதற்குள் இருக்கும் எல்லாம் அழியும். அந்த எல்லாத்துக்குள் வைஃபை பாஸ்வேர்டும் அடக்கம். அதாவது வீட்டில் அந்தச் சொல்லை வைத்திருக்கும் ஒரே பொருளை அழித்துத்தான் அந்தச் சொல்லைத் தேட வேண்டும் என்கிறார். ரவுட்டரை ரீசெட் செய்தால் அது திரும்பவும் ஸ்டிக்கரில் இருக்கும் பாஸ்வேர்டுக்குப் போகும், அந்த வாசிக்க முடியாத ஸ்டிக்கருக்கு.

எனக்கு ரீசெட் என்ற சொல்லே பயம். எங்கட சித்தி வீட்டிலும் இப்படித்தான் ஒரு டெப் மக்கர் பண்ணியது. யாரோ ரீசெட் அடித்துக் கொடுத்தார்கள், நன்றாக வேலை செய்தது. ஆனால் சித்தப்பா சாகிறதுக்கு முதல் கிழமை, கரையில் வலையைத் தெரிந்துகொண்டு இருந்தபடி பாடிய வீடியோ அதில்தான் இருந்தது. வேறு எங்கும் இல்லை. சித்தி யாரையும் ஏசவில்லை. "அவங்களுக்குத் தெரியாதுதானே" என்று மட்டும் சொன்னார். கேட்காமல் அமத்துகிற ஒரு பட்டனுக்கு இவ்வளவு விலை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

சரி, பிறகு என்ன நடந்தது? டெப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, செட்டிங்ஸுக்குள் போய், வைஃபையில் எங்கட பெயருக்குப் பக்கத்தில் இருந்த பல்லுச்சக்கரத்தைத் தொட்டேன். 'ஷெயர்' என்று ஒன்று இருந்தது. தொட்டதும் டெப்பின் லொக்கைக் கேட்டது. தங்கச்சி கோலம் மாதிரி ஒரு கோட்டை இழுத்தாள். கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று, அந்த கியூஆர் கோட், திரையில் வந்தது. அவ்வளவுதான். அம்மாவின் ஃபோனால் அதை ஸ்கேன் பண்ண வைஃபை வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம் படிக்கிறவளுக்கு ஐந்து நிமிடம்.

அண்ட்ராய்ட் 10 இலிருந்து, அதாவது 2019 இலிருந்து, இந்த வசதி இருக்கிறது. சில டெப்களில் கட்டத்துக்குக் கீழேயே பாஸ்வேர்ட் எழுத்தாகவும் இருக்கும். சிலதில் கட்டம் மட்டும்தான். ஆனால் அந்தக் கட்டம் ஒன்றும் மந்திரமில்லை, வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் வெறும் எழுத்தாக அதற்குள் கிடக்கின்றன. இன்னொரு ஃபோனில் ஒரு சாதாரண ஸ்கேனரால் பிடித்தால் எழுத்தாகவே வரும், 'பி' என்ற எழுத்துக்கும் இரண்டு புள்ளிக்கும் பிறகு வருவதுதான் பாஸ்வேர்ட். ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு 2022 இல் வந்த 16 ஆவது பதிப்பிலிருந்து செட்டிங்ஸிலேயே பாஸ்வேர்டைத் தொட்டுப் பார்க்கலாம். வீட்டில் அதே வைஃபையில் தொடுபட்ட விண்டோஸ் லப்டொப் இருந்தால் அதிலும் பார்க்கலாம். பழைய அண்ட்ராய்ட் டெப் என்றால்தான் கஷ்டம். அதற்குள்ளும் பாஸ்வேர்ட் இருக்கும், ஆனால் காட்டாது. ரவுட்டர் ரீசெட் எல்லாம் கடைசிக் கட்டம். அதுவும் கம்பனிக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிட்டுத்தான், ஏனென்றால் சில ரவுட்டர்களில் இணைப்பு விபரமும் சேர்ந்து போய்விடும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பாஸ்வேர்டை மறப்பது எங்கட பிழை இல்லை. அதை ஒரு ஆளின் தலைக்குள் மட்டும் வைத்ததுதான் பிழை.

அண்ணா ஏன் மறந்தார்? அந்தப் போட்டின் பெயரை அவர் மறக்கவில்லை. அந்தப் பெயரை எங்கட வீட்டில் ஒருவரும் மறக்க மாட்டோம். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய்க்குப் போனதே, அந்த மாதம்தான் அப்பா போட்டையும் எஞ்சினையும் விற்றார். அந்தக் காசு அண்ணாவின் பயணத்துக்குப் போனது. அவர் மறந்தது அந்தப் பெயருக்குள் சொருகிய பெரிய எழுத்தையும் அட் குறியையும்தான். அதைச் சொருகச் சொன்னது யார்? பெரிய எழுத்து ஒன்று, இலக்கம் ஒன்று, குறி ஒன்று என்று எல்லா இடத்திலும் கேட்கிறார்களே, அந்தப் பழக்கத்துக்குப் பெரிய காரணம் 2003 இல் அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தரநிர்ணய நிறுவனத்தில் பில் பர் என்பவர் எழுதிய ஒரு வழிகாட்டி. 2017 இல், ஓய்வுபெற்ற பிறகு, தான் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அவரே பத்திரிகைக்குச் சொன்னார். அதே வருடம் நிஸ்ட் அந்த விதிகளைக் கைவிட்டு, நீளமான, ஞாபகம் நிற்கிற சொற்றொடர்களின் பக்கம் போனது. வைஃபை பாஸ்வேர்ட் 8 எழுத்திலிருந்து 63 எழுத்துவரை இருக்கலாம். நாலு சொல்லைச் சேர்த்து எழுதினால் போதும், அட் குறிக்கு ஒரு தேவையுமில்லை. பழைய விதி மட்டும் இன்னும் மன்னார்வரை வந்து எங்கட ரவுட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது.

எழுதி வைப்பது ஆபத்து என்று சொல்வீர்கள். எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் ஐ.சி.ரி. பாடத்தில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். ஆனால் புரூஸ் ஷ்னையர் என்ற பாதுகாப்பு நிபுணர் 2005 இலேயே, கடினமான பாஸ்வேர்டைக் கடதாசியில் எழுதிப் பேர்சுக்குள் வையுங்கள் என்று எழுதினார். சின்னக் கடதாசிகளைப் பத்திரமாக வைத்திருக்க எங்களுக்குத் தெரியும் என்பது அவரது வாதம். அடையாள அட்டையை, உறுதியை, ஞானஸ்நானச் சான்றிதழை, இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் ஷொப்பிங் பேக்கில் சுற்றிக் கொண்டு திரிந்த எங்கட அம்மாக்களுக்கு இதை ஒரு அமெரிக்கர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

வீட்டு வைஃபையைக் களவெடுக்கிறவன் வீட்டுக்குள் வந்து கலண்டரைப் பிரட்ட மாட்டான். அவன் வெளியில் இருந்து, 12345678 என்று அடித்துப் பார்ப்பவன். வங்கி பாஸ்வேர்ட் வேறு, இது வேறு. இது கிணற்றுக் கப்பிக் கயிறு மாதிரி, வீட்டில் எல்லோரும் பிடிக்கிறது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். எல்லா வீட்டிலும் பாஸ்வேர்ட் மறந்து போவதில்லை. சில வீட்டில் அது சொல்லப்படுவதில்லை. என்னோடு படித்த ஒரு பிள்ளையின் வீட்டில், அவள் ஏ.எல். எடுக்குமட்டும் தமையன் மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றுவான். படிப்புக்காக என்றார்கள். அவனுக்கும் அந்த வருடம் சோதனைதான், அவனுடைய ஃபோனில் வைஃபை ஒருநாளும் நிற்கவில்லை. அவள் பாஸ்ட் பேப்பர் இறக்க வேண்டுமென்றால் அவனிடம் ஃபோனைக் கொடுக்க வேண்டும், அவன் அடித்துத் தருவான், தரும்போது வட்ஸ்அப்பையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பான். இதில் எது பாதுகாப்பு, எது காவல்? எங்கட வீட்டில் அண்ணா அப்படியானவர் இல்லை. ஆனால் இரண்டு வீட்டிலும் முடிவு ஒன்றுதான்: பொம்பிளைகள் ஃபோனை நீட்டிக்கொண்டு நிற்கிறோம், யாரோ வாங்கி, அந்தப் பக்கம் திரும்பி, அடித்துத் தருகிறார்கள்.

எங்கட அம்மா மீனுக்கு விலை பேசுவார், சீட்டுக் கணக்கு மனதால் போடுவார், ஒப்பீஸில் படிவம் பிழையென்றால் திருப்பிக் கொடுப்பார். அவரும் "எனக்கு இதொண்டும் விளங்காது பிள்ள" என்று சொல்லப் பழகியிருக்கிறார். விளங்காமல் இல்லை. ஒருவரும் நின்று காட்டவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுப் பெடியள் எல்லாம் மதிலோரம் வந்து டேட்டாவை முடித்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. அப்பாவும் அதைத்தான் சொன்னார். வீட்டு வைஃபையில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்பதால், ஒரு ஆளை நிறுத்த வேண்டுமென்றால் எல்லோருக்கும் மாற்ற வேண்டும், அதுதான் சிக்கல். இப்போதைய ரவுட்டர்கள் பலவற்றில் விருந்தாளிகளுக்கென்று தனியாக ஒரு வைஃபை போடலாம். எங்கட ரவுட்டரிலும் இருந்தது. பெடியளுக்கு அந்த பாஸ்வேர்ட், பெருநாள் முடிய அதை நிற்பாட்டினேன். சண்டையும் இல்லை.

ஒரு பகிடி. பாஸ்வேர்ட் முதன்முதலாகக் கணினியில் வந்த இடங்களில் ஒன்று அமெரிக்காவின் எம்.ஐ.டி., 1960களின் தொடக்கத்தில், பெர்னாண்டோ கோர்பட்டோ செய்த அமைப்பில். ஒரு கணினியைப் பலர் பங்குபோட்டுப் பாவிக்க, ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று பிரிக்கத்தான் அது. 1962 இல் அலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்குத் தந்த நேரம் போதாது என்று, எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த கோப்பை அச்சடித்து எடுத்துவிட்டார். படிப்பை முடிக்க நேரம் இல்லாத ஒரு கம்பஸ் பெடியன். கோர்பட்டோவே பிற்காலத்தில் பாஸ்வேர்ட் ஒரு பெரிய தலையிடியாகிவிட்டது என்று ஒத்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் ஸ்கேனரில் வந்த எழுத்துகளைத் தங்கச்சியின் கொப்பித் தாளில் பெரிதாக எழுதினேன். இங்கே எழுத மாட்டேன், இன்னும் மாற்றவில்லை. மாற்ற அப்பா விடவுமில்லை. தாளைப் பார்த்து, அட் குறிக்கு முன்னால் இருந்த பெயரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். தாள் இப்போது கோயில் கலண்டருக்குப் பின்னால், கரண்ட் பில்லோடு இருக்கிறது.

அம்மாவின் ஃபோனில் ஸ்கேன் பண்ணிப் போட்டதை நான் திரும்ப அழித்தேன். "இப்ப நீங்க அடியுங்கோ" என்றேன். ஏசினார். பிறகு கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். அட் குறி எங்கே என்று கண்டுபிடிக்க மூன்று முறை போனது. நாலாம் முறை தொடுபட்டதும், தானே அண்ணாவுக்குக் கோல் எடுத்து, அவர் ஹலோ சொல்ல முதல், "எந்த எழுத்துப் பெரிசு எண்டு நான் சொல்லட்டா?" என்று கேட்டார்.