நஞ்சுக்குத் திறந்த கதவு, மருந்துக்குப் பூட்டு

அரபியின் 'அஃப்யூன்' தமிழில் 'அபின்' எனப்படுகிறது. நோவைத் தணிக்கும் மருந்தும் அதுவே, அளவு மீறின் உயிரைக் குடிக்கும் நஞ்சும் அதுவே என்பதைப் பண்டை மருத்துவர் நன்கறிவர். அவர்கள் அறிந்ததை அமெரிக்க அரசு அறியாதிருந்ததோ?

1995ஆம் ஆண்டின் இறுதியில், அபின் இனத்தைச் சேர்ந்த 'ஆக்ஸிகான்டின்' என்னும் வலி மாத்திரைக்கு அந்நாட்டு உணவு மருந்துத் துறை இசைவளித்தது. மெல்லக் கரைவதால் இதனைத் தீய வழியில் பயன்படுத்துவது குறையும் என்று நம்பப்படுவதாக மருந்துக் குறிப்பில் எழுதவும் ஒப்பியது. அந்நம்பிக்கைக்குத் தக்க ஆய்வு எதுவும் இல்லை. இசைவுப் பணியை மேற்பார்த்த அலுவலரே பின்னர் அம்மருந்தை விற்ற பர்டியூ நிறுவனத்தில் ஊதியத்திற்கு அமர்ந்தார். 2007இல் பர்டியூ குழும நிறுவனமும் உயர் அலுவலர் மூவரும் மருந்தின் தன்மையைத் திரித்துரைத்த குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 60 கோடி டாலருக்கு மேல் தண்டம் செலுத்தப்பட்டது. அம்மூவரில் சிறை சென்றவர் எவருமிலர், விற்பனையும் நிற்கவில்லை. 2020இல் பர்டியூ மீண்டும் குற்றத்தை ஒப்ப நேர்ந்தது.

விற்றவனுக்கு இத்துணைத் தாராளம் காட்டிய அரசு, நோயாளிக்குக் காட்டியது என்ன? அபின் வேட்கையைத் தணிக்கும் 'பியூப்ரெநார்பின்' என்றொரு மருந்துண்டு. அதனை எழுதித் தர மருத்துவர் எட்டு மணி நேரப் பயிற்சி பெற்றுத் தனி அனுமதியும் வாங்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் முப்பது நோயாளிகளுக்கு மேல் தரலாகாது என்றது 2000ஆம் ஆண்டுச் சட்டம். ஆக்ஸிகான்டின் எழுதவோ இத்தகைய தனி அனுமதியும் இல்லை, நோயாளிக் கணக்கும் இல்லை! நோயை உண்டாக்கும் பொருளுக்கு வழி எளிது. நோயைத் தீர்க்கும் பொருளுக்கு வழி அரிது. இது எவ்வூர் நீதி?

"ஒரு போதையை விடுவிக்க இன்னொரு போதையா?" என்று நம்மவருள்ளும் நல்லோர் சிலர் கேட்பர். கேள்வி நேர்மையானதே, ஆயின் விளைவை நோக்குக. இம்மருந்தின் வீரியம் ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. முறையாக உண்பவன் மயங்கிக் கிடப்பதில்லை, வேலைக்குச் செல்கிறான், பிள்ளைகளைப் பேணுகிறான். பிரான்சு 1995இல் பொது மருத்துவர் அனைவருக்கும் இம்மருந்தை எழுத வழிவிட்டது. சில ஆண்டுகளில் அங்கே போதை மிகுந்து இறப்போர் தொகை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. கண்முன் நின்ற இச்சான்றை அமெரிக்கா கண்டும் காணாதிருந்தது.

2010இல் மாத்திரையை நசுக்க இயலாதவாறு மாற்றினர். வேட்கையை மாற்ற வழி செய்தார்களா? பலர் ஹெராயினை நாடினர். பின்னர் ஃபென்டனில் வந்தது. 2017இல் பொதுச் சுகாதார நெருக்கடி அறிவிக்கப்பட்டது. 2021இல் மட்டும் போதை மிகுதியால் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டவை அபின் இனப் பொருள்களே. இத்தனை சவக்குழிகளுக்குப் பின்னரே, 2022 டிசம்பரில், அந்தத் தனி அனுமதி நீக்கப்பட்டது. மூச்சடங்குவோரை மீட்கும் நலாக்ஸோன் மூக்குத் தெளிப்பானை மருத்துவர் சீட்டின்றி விற்க 2023இல் இசைவு வந்தது. 2024இல் சாவுகள் பெரிதும் குறைந்தன. இவையே முழுக்காரணம் என்று சொல்லேன். ஆயினும் இவற்றை இருபதாண்டு முன்னரே செய்யத் தடுத்தது யார்?

ஆட்சி ஓர் அமானிதம். விற்பவனை நம்பி, நோயாளியை ஐயுறும் ஆட்சி அந்த அமானிதத்தைப் பாழ்படுத்தியதாகும். தண்டத்தொகைகள் கருவூலத்தைச் சேரலாம். மகனைப் புதைத்த தாய்க்கு அவை ஈடாகா.