ஆற்றைத் தாண்டினால் குற்றம்

பிலடெல்பியாவிலிருந்து அட்லாண்டிக் சிட்டிக்குக் காரில் போக ஒன்றரை மணி நேரம் போதும். நடுவே டெலவேர் ஆறு. இந்தக் கரை பென்சில்வேனியா மாநிலம், அந்தக் கரை நியூஜெர்சி. 2013 அக்டோபரில் ஆற்றைத் தாண்டி வந்த பிலடெல்பியா பெண் ஒருவரை, சாதாரண போக்குவரத்து விதிமீறலுக்காக நியூஜெர்சி போலீஸ் நிறுத்தியது. தன்னிடம் கைத்துப்பாக்கி இருப்பதையும் அதற்கு லைசென்ஸ் இருப்பதையும் அவரே சொன்னார். லைசென்ஸ் பென்சில்வேனியா கொடுத்தது. நியூஜெர்சி அதை ஏற்பதில்லை. இரண்டு குழந்தைகளின் தாயான அவர் கைதானார். நிரூபணமானால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. விஷயம் நாடு முழுக்கப் பேசப்பட்ட பிறகுதான் அரசுத் தரப்பு இறங்கி வந்தது. 2015-ல் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

இந்தியாவில் காஷ்மீர் முதல் குமரி வரை 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஒன்றுதான். அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு சட்டம். வெர்மான்ட் இதுவரை லைசென்ஸே கேட்டதில்லை. டெக்ஸாஸ் 2007-ல் சொந்தக் காருக்குள் மட்டும் லைசென்ஸ் இல்லாமல் மறைத்து வைத்துக்கொள்ள அனுமதித்தது. 2021-ல் தெருவிலும் அனுமதித்துவிட்டது. 2024-க்குள் இப்படி லைசென்ஸ் நிபந்தனையைக் கைவிட்ட மாநிலங்களின் எண்ணிக்கை 29. நியூயார்க் நேர் எதிர். 'தனிப்பட்ட தேவை'யை நிரூபித்தால்தான் லைசென்ஸ் என்று நூறாண்டுக்கு மேல் அது பிடித்து வைத்திருந்த விதியை 2022-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. லைசென்ஸ் வேண்டும் என்பது மட்டும் அங்கே இன்னும் மாறவில்லை.

இந்தக் குழப்பத்தில் பயணிக்குத் துணையாக 1986-ல் ஒரு மத்திய சட்டம் வந்தது. துப்பாக்கி வைத்திருக்க அனுமதி உள்ள ஓர் இடத்திலிருந்து அதே போன்ற இன்னோர் இடத்துக்குப் போகிறவர், வழியில் கடுமையான மாநிலம் குறுக்கிட்டாலும் கடந்து போகலாம். ஆனால் குண்டு நிரப்பியிருக்கக் கூடாது. துப்பாக்கியும் குண்டும் கைக்கு எட்டக் கூடாது. டிக்கியில் இருக்க வேண்டும். டிக்கி இல்லாத வண்டியானால் பூட்டிய பெட்டியில். டேஷ்போர்டு அறையைப் பூட்டினாலும் அது பெட்டி ஆகாது. அதாவது, துப்பாக்கி ஒரு சாமானாக வந்தால் சட்டம் காப்பாற்றும். ஆயுதமாக வந்தால் கைவிடும்.

டிரைவிங் லைசென்ஸ் நாடு முழுக்கச் செல்லும்போது துப்பாக்கி லைசென்ஸ் ஏன் செல்லக் கூடாது என்று துப்பாக்கி ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். அதற்கான மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டைத் தாண்டவில்லை. கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் டிரைவிங் லைசென்ஸுக்கு எல்லா மாநிலத்திலும் பரீட்சை உண்டு. 29 மாநிலங்களில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல லைசென்ஸே வேண்டாம் எனும்போது எதை எதோடு ஒப்பிடுவது?

இதைவிடப் பெரிய கேள்வி காரின் ஜன்னலருகே காத்திருக்கிறது. போலீஸ் நிறுத்தியதும் துப்பாக்கி இருப்பதைச் சொல்ல வேண்டுமா? மிச்சிகனில் உடனே சொல்லியாக வேண்டும். மின்னசோட்டாவில் கேட்டால் சொன்னால் போதும். 2016 ஜூலை 6-ம் தேதி அங்கே பிலாண்டோ காஸ்டீல் என்ற 32 வயது பள்ளி உணவுக்கூட ஊழியரின் கார் நிறுத்தப்பட்டது. பின்விளக்கு எரியவில்லையாம். அவரிடம் லைசென்ஸ் இருந்தது. கேட்காமலே, மரியாதையாக, தன்னிடம் துப்பாக்கி இருப்பதைச் சொன்னார். சில விநாடிகளில் போலீஸ்காரர் ஏழு முறை சுட்டார். பக்கத்தில் தோழி, பின்சீட்டில் அவரது நான்கு வயது மகள். துப்பாக்கியை எடுக்கிறார் என்று பயந்துவிட்டேன் என்றார் சுட்டவர். 2017 ஜூனில் ஜூரி அவரை விடுவித்தது.

காஸ்டீல் மீறிய துப்பாக்கிச் சட்டம் எதுவும் இல்லை. சட்டம் கேட்டதைவிட அதிகமாகவே செய்தார். பிலடெல்பியா பெண்ணும் உண்மையைத்தான் சொன்னார். இருவரும் கறுப்பினத்தவர் என்பது தற்செயல் என்று நம்பக் கறுப்பு அமெரிக்கர்களில் அதிகம் பேர் தயாராக இல்லை.

எந்தக் காரிலும் துப்பாக்கி இருக்கலாம் என்று சட்டம் சொல்லும்போது, எல்லாக் காரிலும் இருக்கிறது என்றே போலீஸ் நினைக்கும். அந்தப் பயத்தோடுதான் அது ஜன்னலருகே வருகிறது. நம்மூரில் லைசென்ஸ் வாங்க அலைய வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் இதை யோசிக்கலாம். துப்பாக்கியை மறைத்து வைக்கும் உரிமையை ஒரு மாநிலம் ஒரே நாளில் எல்லோருக்கும் கொடுத்துவிட முடியும். அதை ஒளிக்காமல் சொல்பவர் உயிரோடு வீடு திரும்புவார் என்ற உத்தரவாதத்தைச் சட்டப் புத்தகத்தில் எழுத முடியாது.